கல்லீரல் சிரை அழுத்தத்தை அளந்த வரலாறு: கைப்பட்டை முதல் நுண்குமிழி வரை

குடல், இரைப்பை, மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து இரத்தத்தைத் திரட்டிக் கல்லீரலுக்குக் கொண்டு செல்லும் பெரிய இரத்தக்குழாய்க்குப் போர்ட்டல் சிரை என்று பெயர். இந்தச் சிரையில் அழுத்தம் இயல்புக்கு மேல் உயர்வதே போர்ட்டல் மிகை அழுத்தம். கையில் பட்டை கட்டி அளக்கும் இரத்த அழுத்தம் வேறு, இது வேறு. கையில் 120/80 என்று நல்ல அளவு காட்டும் ஒருவருக்கும் கல்லீரல் சிரையில் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கலாம். அவருக்கு வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. சிலருக்கு முதல் அறிகுறியே இரத்த வாந்திதான்.

உடலுக்குள் ஒளிந்திருக்கும் இந்த அழுத்தத்தை அளக்க மருத்துவ உலகம் நூறாண்டுகளுக்கும் மேலாக முயன்று வருகிறது. அம்முயற்சியின் அண்மைக் கட்டம், நுண்ணிய வாயுக் குமிழிகளை ஊசி வழியாகச் செலுத்தி மீயொலி ஸ்கேன் மூலம் அழுத்தத்தை அறியும் முறையாகும். இந்த வரலாற்றையும், கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், கிருஷ்ணகிரி தொழில் பகுதிக்கு அதனால் என்ன பயன் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சாமனப்பள்ளியில் தொடங்கியது

தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில் தொடங்கி வைத்தார். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களை வீடு தேடிச் சென்று கண்டறிவதும், மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு சென்று தருவதும் இத்திட்டத்தின் முக்கியப் பணிகள். 2024 இல் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்ற பெயரில் தொழிற்சாலைகளுக்கும் இதே முறை விரிவாக்கப்பட்டது.

இப்படி வீட்டு வாசலிலும் தொழிற்சாலை வாசலிலும் அழுத்தத்தை அளக்க முடிவதற்கு இரண்டு பழைய கண்டுபிடிப்புகள் காரணம். 1896 இல் இத்தாலிய மருத்துவர் ரீவா ரோச்சி கையைச் சுற்றிக் கட்டும் காற்றுப்பட்டையை உருவாக்கினார். 1905 இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்து நாடியின் ஒலியைக் கேட்டு அளக்கும் வழியைக் கண்டார். கையின் தமனி தோலுக்கு அருகில் ஓடுவதால் வெளியிலிருந்து அதை அமுக்கிப் பார்க்க முடிகிறது.

போர்ட்டல் சிரைக்கு அப்படி ஒரு வசதி இல்லை. அது வயிற்றின் ஆழத்தில், குடலுக்கும் கல்லீரலுக்கும் நடுவே இருக்கிறது. எந்தப் பட்டையும் அதைச் சுற்ற முடியாது. கையில் உள்ள அழுத்தத்தை ஒரு சுகாதாரப் பணியாளர் சில நிமிடங்களில் அளந்துவிடுகிறார். கல்லீரல் சிரை அழுத்தத்தை அளக்கப் பெரிய மருத்துவமனையின் கதிரியக்க அறைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளிதான் இவ்வரலாற்றின் மையம்.

சிறிய எண், பெரிய ஆபத்து

உடலின் மற்றச் சிரைகள் இரத்தத்தை நேராக இதயத்தை நோக்கிக் கொண்டு செல்கின்றன. போர்ட்டல் சிரை மட்டும் கல்லீரலுக்குள் நுழைந்து மீண்டும் நுண்குழாய்களாகப் பிரிகிறது. உணவிலிருந்து உறிஞ்சப்பட்ட சத்துகளும் நச்சுகளும் முதலில் கல்லீரலில் பதப்பட்ட பிறகே உடலுக்குச் செல்ல வேண்டும் என்பதற்காக இயற்கை செய்த ஏற்பாடு இது. கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இவ்வழியாகவே வருகிறது. கல்லீரலில் வேலை முடிந்ததும் கல்லீரல் சிரைகள் வழியாக இரத்தம் வெளியேறி இதயத்தை அடைகிறது.

உள்ளே வரும் சிரைக்கும் வெளியே செல்லும் சிரைக்கும் இடையே உள்ள அழுத்த வேறுபாடு இயல்பில் 1 முதல் 5 மி.மீ. பாதரசம் மட்டுமே. 5க்கு மேல் போனால் மிகை அழுத்தம். 10ஐத் தொட்டால் உடலில் விளைவுகள் தோன்றத் தொடங்கும். 12ஐத் தாண்டினால் இரத்தக் கசிவுக்கான ஆபத்து வருகிறது. கையில் 120 என்பது நல்ல அளவாக இருக்க, இங்கே அதில் பத்தில் ஒரு பங்கான 12 உயிருக்கு ஆபத்தாகிறது.

வயல் வாய்க்காலில் மடை அடைபட்டால் தண்ணீர் கரையை உடைத்துப் பக்கத்து வழிகளில் பாயும். கல்லீரல் இறுகும்போதும் இதுவே நடக்கிறது. இரத்தம் உணவுக்குழாய், இரைப்பை ஆகியவற்றின் மெல்லிய சிரைகள் வழியாக மாற்றுவழி தேடுகிறது. அவை புடைத்துச் சுருள் சிரைகளாகின்றன. ஒருநாள் அவற்றில் ஒன்று வெடித்தால் இரத்த வாந்தி வருகிறது. மண்ணீரல் பெருக்கிறது, இரத்தத் தட்டுகள் குறைகின்றன, வயிற்றில் நீர் கோக்கிறது.

மகோதரமும் மண்ணீரலும்

இதன் பிந்திய அறிகுறிகளை நம் நாட்டு மருத்துவம் நெடுங்காலமாக அறிந்திருந்தது. மகோதரம், பெருவயிறு ஆகிய சொற்கள் தமிழ் மக்களின் பேச்சிலேயே உண்டு. ஆயுர்வேத நூலான சரக சங்கிதை உதர நோய்களை எட்டு வகையாகப் பிரித்து, மண்ணீரல் பெருப்பதால் வருவதைத் தனி வகையாகவே வைத்தது. ஆயினும் இவையெல்லாம் நோய் முற்றிய பிறகு கண்ணுக்குத் தெரிபவை.

ஆங்கிலேயர் காலத்தில் பெருத்த மண்ணீரல் என்றாலே மலேரியா என்று கருதும் வழக்கம் வந்தது. 1840களில் டெம்ப்ஸ்டர் என்ற மருத்துவர் வட இந்தியாவில் கால்வாய்ப் பாசனப் பகுதிகளில் மக்களின் வயிற்றைக் கையால் தொட்டுப் பார்த்து, எத்தனை பேருக்கு மண்ணீரல் பெருத்திருக்கிறது என்று கணக்கெடுத்தார். அதிலிருந்து ஓர் ஊரின் மலேரியா நிலையை மதிப்பிட்டார். இம்முறை பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. இதன் மறுபக்கமாக, காய்ச்சல் காரணமின்றி மண்ணீரல் பெருத்தவர்களும் அதே கணக்கில் மறைந்துபோக இடம் உண்டானது.

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் கைடோ பாந்தி என்ற நோயியல் அறிஞர் 1894 இல் இத்தகைய நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினார். முதலில் மண்ணீரல் பெருக்கிறது, பிறகு இரத்தசோகை வருகிறது, இறுதியில் கல்லீரல் கெடுகிறது என்று அவர் வரிசைப்படுத்தினார். மண்ணீரலிலிருந்து வரும் ஏதோ ஒரு நச்சே கல்லீரலைக் கெடுக்கிறது என்பது அவர் கருத்து. பல ஆண்டுகள் இந்நோய் அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது. பிரெஞ்சு மருத்துவர் கில்பர்ட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'போர்ட்டல் மிகை அழுத்தம்' என்ற சொல்லைப் பயன்படுத்தி, நச்சின் இடத்தில் அழுத்தத்தை வைத்தார். 1937 இல் நியூயார்க் அறுவை மருத்துவர்கள் வயிற்றைத் திறந்து மண்ணீரல் சிரையின் அழுத்தத்தை நேரடியாக அளந்து, அது உயர்ந்திருப்பதைக் காட்டினார்கள். அழுத்தம் உண்மை என்பது உறுதியானது. ஆனால் அதை அளக்க வயிற்றைக் கிழிக்க வேண்டியிருந்தது.

கழுத்து வழியாக ஒரு குழாய்

வயிற்றைக் கிழிக்காமல் அளக்கும் வழியை 1951 இல் அமெரிக்க மருத்துவர்கள் மையர்ஸ், டெய்லர் இருவரும் கண்டார்கள். சிரை வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, இதயத்தைக் கடந்து, கல்லீரல் சிரையின் கிளை ஒன்றில் அடைப்புப் போல நிறுத்தினார்கள். அப்போது குழாயின் நுனி காட்டும் அழுத்தம், தேங்கி நிற்கும் இரத்தத்தின் வழியாக மறுபக்கத்துப் போர்ட்டல் அழுத்தத்தைப் பிரதிபலிக்கும். 1979 இல் குரோஸ்மேன் குழுவினர் குழாயின் நுனியில் சிறு பலூனைப் பொருத்தி இதை எளிமையாக்கினார்கள். இன்று பொதுவாகக் கழுத்துச் சிரை வழியாக இது செய்யப்படுகிறது. அடைப்புடன் ஒரு முறையும் அடைப்பின்றி ஒரு முறையும் அளந்து, இரண்டின் வேறுபாட்டைக் கணக்கிடுகிறார்கள். கல்லீரல் சிரை அழுத்த வேறுபாடு எனப்படும் இதுவே இன்றுவரை உரைகல்லாக உள்ளது.

இம்முறைக்கு எக்ஸ்ரே வசதியுள்ள அறை, பயிற்சி பெற்ற மருத்துவர் எல்லாம் வேண்டும். நோய் இருப்பதாக ஏற்கெனவே சந்தேகிக்கப்படும் சிலருக்கு இதைச் செய்யலாம். நலமாக நடமாடும் பலரில் நோயுள்ள சிலரைத் தேடிக் கண்டுபிடிக்க இது உதவாது.

இந்தியாவில் ஒரு தனிச் சிக்கல்

மேலைநாடுகளில் போர்ட்டல் மிகை அழுத்தம் என்றால் பெரும்பாலும் சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருக்க நோய், காரணமாக இருக்கும். மது, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, கொழுப்புக் கல்லீரல் ஆகியவை அதற்கு வழிவகுக்கின்றன. இந்தியாவில் இவை எல்லாம் உண்டு. இவற்றோடு வேறொரு நோயும் உண்டு.

1967 இல் கல்கத்தாவில் பாயர், சென் குப்தா, பிஸ்வாஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக எடுத்துக் காட்டியது. பெருத்த மண்ணீரலுடனும் இரத்த வாந்தியுடனும் வந்த பல நோயாளிகளுக்குக் கல்லீரலில் சுருக்க நோயே இல்லை. கல்லீரல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கோளாறு, கல்லீரலுக்குள் செல்லும் போர்ட்டல் சிரையின் சிறு கிளைகளில் இருந்தது. 1969 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழியாக இதற்குச் 'சிரோசிஸ் அல்லாத போர்ட்டல் நார்த்தடிப்பு' என்ற பொருள்படும் பெயர் நிலைத்தது. 1979 இல் சண்டிகரில் தத்தாவும் அவர் குழுவினரும் நீண்ட காலம் உடலில் சேரும் ஆர்சனிக் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அண்மைக் காலத்தில் இந்நோய் உலக அளவில் 'போர்ட்டோ சைனுசாய்டல் இரத்தக்குழாய்க் கோளாறு' என்ற விரிந்த பெயருக்குள் கொண்டுவரப்பட்டுள்ளது.

இது வட இந்தியாவின் நோய் மட்டுமன்று. கிருஷ்ணகிரியிலிருந்து கிழக்கே சுமார் 120 கி.மீ. தொலைவில் உள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 2009 இல் வெளியிட்ட ஆய்வு, காரணம் புரியாத போர்ட்டல் மிகை அழுத்தத்துடன் தென்னிந்தியாவில் வருபவர்களிடம் இவ்வகை நோய் பொதுவாகக் காணப்படுவதைக் காட்டியது. ஆராய்ந்து பார்க்காவிட்டால் இவர்களும் 'சிரோசிஸ்' என்றே முத்திரை குத்தப்படுவார்கள். குடிப்பழக்கம் இல்லாதவர்கள்கூட ஊரில் 'குடித்துக் கெட்டவர்' என்ற பெயரைச் சுமக்க நேரும்.

குழந்தைகளிடம் இன்னொரு வகை உண்டு. கல்லீரலுக்கு வெளியிலேயே போர்ட்டல் சிரை உறைந்து அடைபட்டுப் போவது. நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தை திடீரென இரத்தம் கக்குவதற்கு இந்தியாவில் இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த இரு வகைகளிலும் அடைப்பு, கல்லீரலின் நுண்குழாய்களுக்கு முன்பாகவே இருக்கிறது. கழுத்து வழியாகச் செல்லும் குழாய் கல்லீரலின் பின்பக்கத்திலிருந்து அளப்பதால், முன்பக்கத்து அடைப்பு அதற்குச் சரியாகத் தெரிவதில்லை. உரைகல் எனப்படும் அளவீடே இயல்பாகவோ சற்றே உயர்ந்தோ காட்ட, போர்ட்டல் சிரையில் அழுத்தம் மிக அதிகமாக இருக்கும். இந்திய நோயாளிகளுக்குப் புதிய கருவி ஒன்றை மதிப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

உலோகத்திலிருந்து உடலுக்கு

மீயொலியின் வரலாறு தொழிற்சாலையோடு நெருங்கியது. வார்ப்பிலும் பற்றவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டா என்று பார்க்க ஒலியலைகளைச் செலுத்தி எதிரொலியைக் கேட்பது தொழில்துறை முறை. 1955 இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், அறுவையில் எடுத்த கட்டிகளைப் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்ற கொதிகலன் தொழிற்சாலைக்கு எடுத்துச் சென்று, அங்கிருந்த உலோக விரிசல் காட்டும் கருவியில் வைத்துப் பார்த்தார். நீர்க்கட்டியும் திடக்கட்டியும் வெவ்வேறு எதிரொலி தந்தன. 1958 இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து மருத்துவ ஸ்கேன் வளரத் தொடங்கியது.

மீயொலி ஸ்கேன் கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றின் உருவத்தைக் காட்டும். டாப்ளர் முறை இரத்தம் எத்திசையில், எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைக் காட்டும். போர்ட்டல் சிரை விரிந்திருக்கிறதா, உறைந்திருக்கிறதா, இரத்தம் எதிர்த்திசையில் ஓடுகிறதா என்றெல்லாம் இவற்றால் அறியலாம். அழுத்தம் எத்தனை மி.மீ. என்று மட்டும் இவை சொல்வதில்லை.

எதிரொலிக்கும் குமிழிகள்

1968 இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிராமியாக், ஷா இருவரும் ஒரு புதுமையை வெளியிட்டார்கள். இதயத்துக்குள் குழாய் வழியாகத் திரவம் செலுத்தப்பட்டபோது மீயொலித் திரையில் மேகம் போல எதிரொலி தோன்றியது. திரவத்துடன் சென்ற நுண்ணிய காற்றுக் குமிழிகளே அதற்குக் காரணம். வாயு ஒலியை மிக வலுவாகத் திருப்பி அனுப்புவதால், குமிழி கலந்த இரத்தம் திரையில் பளிச்சென்று தெரியும்.

வெறும் காற்றுக் குமிழி நுரையீரலைத் தாண்டுவதற்குள் உடைந்துவிடும். அதைத் தாங்கும்படி செய்யப் பல ஆண்டுகள் பிடித்தன. 1990களில் ஆல்புனெக்ஸ், லெவோவிஸ்ட் போன்ற முதல் தலைமுறை மருந்துகள் வந்தன. 2001 இல் ஐரோப்பாவில் சோனோவியூவும் அமெரிக்காவில் டெஃபினிட்டியும், 2007 முதல் ஜப்பானில் சோனாசாய்டும் பயன்பாட்டுக்கு வந்தன. இவற்றில் எளிதில் கரையாத வாயு ஒரு மெல்லிய கொழுப்புப் படலத்துக்குள் அடைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு குமிழியும் இரத்தச் சிவப்பணுவின் அளவை ஒத்தோ அதைவிடச் சிறிதாகவோ இருப்பதால், சிவப்பணு செல்லும் இடமெல்லாம் செல்லும். சில நிமிடங்களில் குமிழி கரைந்து வாயு மூச்சுடன் வெளியேறிவிடும். சி.டி. ஸ்கேனுக்குப் போடும் அயோடின் சாயம் போலச் சிறுநீரகத்துக்குச் சுமையாவதில்லை. அரிதாகச் சிலருக்கு ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் அவசர மருந்துகள் கைவசம் இருக்கும் இடத்தில்தான் இதைச் செலுத்த வேண்டும்.

கல்லீரல் நோயில் இதன் பயனை 1999 இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனைக் குழுவினர் காட்டினர். கைச் சிரையில் செலுத்திய குமிழி எத்தனை விநாடியில் கல்லீரல் சிரையை அடைகிறது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அவர்கள் பார்த்த சிரோசிஸ் நோயாளிகளில் குமிழி 24 விநாடிகளுக்குள் வந்துவிட்டது, மற்றவர்களிடம் அதற்குப் பிறகே வந்தது. சுருங்கிய கல்லீரலில் இரத்தம் குறுக்குவழிகளில் ஓடுவதே இதற்குக் காரணம்.

அழுத்தத்தைச் சொல்லும் குமிழி

குமிழியைக் கொண்டு அழுத்தத்தையே அளக்கலாம் என்ற எண்ணம் 1977 இல் ஃபேர்பாங்க், ஸ்கல்லி ஆகியோரின் கட்டுரையில் வெளிவந்தது. அதைச் செயலுக்குக் கொண்டுவந்தது, பிலடெல்பியாவின் தாமஸ் ஜெபர்சன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ளெமிங் ஃபோர்ஸ்பெர்க் குழுவினர். 1999 இல் அவர்கள் ஓர் அடிப்படை உண்மையை வெளியிட்டார்கள்.

மீயொலி அலை குமிழியின் மீது படும்போது குமிழி சுருங்கி விரிந்து அதிர்கிறது. அனுப்பிய அதிர்வெண்ணிலேயே எதிரொலி வருவதோடு, அதில் பாதி அதிர்வெண்ணிலும் ஓர் ஒலி கிளம்புகிறது. குமிழியைச் சுற்றியுள்ள இரத்தத்தின் அழுத்தம் கூடினால் இந்தப் பாதி அதிர்வெண் ஒலி குறைகிறது. அழுத்தம் குறைந்தால் ஒலி கூடுகிறது. ஆகவே போர்ட்டல் சிரையில் ஓர் அளவும் கல்லீரல் சிரையில் ஓர் அளவும் எடுத்து ஒப்பிட்டால், இரண்டுக்கும் இடையே அழுத்த வேறுபாடு உண்டா என்று அறியலாம்.

2013 இல் இக்குழு வெளியிட்ட முதற்கட்ட ஆய்விலும், 2021 இல் ஜெபர்சன், பென்சில்வேனியா ஆகிய இரு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து வெளியிட்ட பெரிய ஆய்விலும், கழுத்துவழிக் குழாய் காட்டிய அளவோடு குமிழி காட்டிய அளவு நன்கு ஒத்துப்போனது. குறிப்பாக, 10 மி.மீ. என்ற எல்லையைத் தாண்டியவர்களைப் பிரித்தறிய அது உதவியது.

இந்த முறையில் இந்தியாவுக்கு ஒரு சிறப்பு நம்பிக்கை உள்ளது. கழுத்துவழிக் குழாய் கல்லீரலின் பின்புறத்தை மட்டும் காண்கிறது. குமிழியோ போர்ட்டல் சிரைக்குள்ளேயே நின்று ஒலிக்கிறது. எனவே முன்பக்கத்து அடைப்பையும் அது காட்டக்கூடும் என்று கொள்வதற்கு இயற்பியல் இடம் தருகிறது. ஆனால் மேற்கண்ட ஆய்வுகள் அமெரிக்க நோயாளிகளிடம், கழுத்துவழி அளவை உரைகல்லாகக் கொண்டு செய்யப்பட்டவை. அந்த உரைகல்லே தவறும் நோயாளிகளுக்கு இம்முறையைச் சோதித்துப் பார்க்க வேண்டிய இடம் இந்நோய் மிகுந்த இந்தியாதான்.

மற்ற எளிய வழிகள்

குமிழி முறை வளர்ந்த அதே காலத்தில் வேறொரு கருவி வேகமாகப் பரவியது. விலா எலும்புகளுக்கு இடையே மெல்லத் தட்டி, அந்த அதிர்வு கல்லீரலில் எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன் 2003 வாக்கில் பிரான்சிலிருந்து வந்தது. இறுகிய கல்லீரலில் அதிர்வு வேகமாகச் செல்லும். ஊசி தேவையில்லை.

இத்தாலியின் பவேனோ நகரின் பெயரால் 1990 முதல் கூடிவரும் வல்லுநர் மாநாடு, 2021 இல் எளிய விதி ஒன்றை ஏற்றது. கல்லீரல் விறைப்பு 15 கிலோபாஸ்கலுக்கு மேற்படாமலும் இரத்தத் தட்டுகள் 1,50,000க்குக் குறையாமலும் இருந்தால், ஆபத்தான போர்ட்டல் அழுத்தம் இல்லை என்று கொள்ளலாம். மது, வைரஸ் போன்ற காரணங்களால் வரும் நோயில் விறைப்பு 25 அல்லது அதற்கு மேல் என்றால் இருக்கிறது என்று கொள்ளலாம். நடுவில் நிற்பவர்களுக்குத்தான் மேற்கொண்டு சோதனை வேண்டும்.

இங்கும் அதே சிக்கல் எழுகிறது. சிரோசிஸ் அல்லாத நோயில் கல்லீரல் அதிகம் இறுகுவதில்லை. கருவி நல்ல எண்ணைக் காட்ட, மண்ணீரல் மட்டும் பெருத்து இறுகியிருக்கும். எனவே கல்லீரல் எண் நன்றாக இருக்கிறது என்று பெருத்த மண்ணீரலை விட்டுவிடக் கூடாது. ஒரு மருத்துவர் கையால் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும், சில நூறு ரூபாய்க்குள் முடியும் இரத்தத் தட்டுக் கணக்கும் இந்த நோயில் இன்றும் பெரிய கருவிகளுக்கு இணையாகப் பேசுகின்றன.

கண்டறிந்தால் என்ன செய்ய முடியும்

சிகிச்சை இல்லாத நோயைத் தேடிக் கண்டுபிடிப்பதால் பயனில்லை என்பது மருத்துவத்தின் பழைய விதி. இங்கு சிகிச்சை உண்டு. 1980களின் தொடக்கத்தில் பிரான்சின் லெப்ரெக் குழுவினர், இதய நோய்க்குத் தரப்படும் புரோப்ரனலால் மாத்திரை போர்ட்டல் அழுத்தத்தைக் குறைத்து மீண்டும் இரத்தம் கசிவதைத் தடுக்கிறது என்று காட்டினர். 1980களின் பிற்பகுதியிலிருந்து எண்டோஸ்கோப்பி வழியாகச் சுருள் சிரைகளுக்கு இரப்பர் வளையம் போடும் முறை வந்தது. 2019 இல் ஸ்பெயினில் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி முன்னே சென்றது. இரத்தம் கசியும் முன்பே, அழுத்தம் 10ஐத் தாண்டியவர்களுக்கு இவ்வகை மாத்திரை கொடுத்தால் வயிற்றில் நீர் கோப்பது போன்ற வீழ்ச்சிகள் குறைகின்றன என்று அது கண்டது. விலை குறைந்த இம்மாத்திரையை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டும்.

சிரோசிஸ் அல்லாத நோயுள்ளவர்களுக்கு நம்பிக்கை இன்னும் அதிகம். அவர்களின் கல்லீரல் நன்றாக இருப்பதால், இரத்தக் கசிவைத் தடுத்துவிட்டால் நீண்ட காலம் வேலை செய்து வாழ்கிறார்கள்.

ஓசூர், கிருஷ்ணகிரியின் நிலை

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்ததிலிருந்து ஓசூர் மாறத் தொடங்கியது. 1980களில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆலைகள் வந்தன. 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019 இல் ஓசூர் மாநகராட்சியானது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் ஊரில் இன்று வடமாநிலத் தொழிலாளர்களும் பெருமளவில் வாழ்கிறார்கள். மாறி வரும் பணி நேரம், உட்கார்ந்த வேலை, கடை உணவு, மது, சர்க்கரை நோய் ஆகியவை கூடும் எந்தத் தொழில் நகரிலும் கல்லீரல் நோய்க்கு வாய்ப்பு உண்டு. அரசின் தேசியத் திட்டங்களும் இதை உணர்ந்துள்ளன. 2018 இல் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 2021 இல் கொழுப்புக் கல்லீரல் நோய், தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்க்கப்பட்டது.

எல்லைப் பகுதிக்கு ஒரு வசதியும் ஓர் இடரும் உண்டு. சுமார் 40 கி.மீ. தொலைவில் பெங்களூரு மருத்துவமனைகள் உள்ளன. கிழக்கே வேலூர் உள்ளது. 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளுள் கிருஷ்ணகிரியும் ஒன்று. ஆனால் இரத்த வாந்தி எடுக்கும் ஒருவரை அஞ்செட்டி மலைக் கிராமத்திலிருந்து இறக்கி எண்டோஸ்கோப்பி உள்ள இடத்துக்குச் சேர்ப்பதற்குள் காலம் கடந்துவிடலாம். கசிவு ஏற்பட்ட பிறகு மருத்துவமனையை அடைந்தவர்களிலும் ஆறு வாரத்துக்குள் ஆறில் ஒருவர் அளவுக்கு இறக்கிறார்கள் என்று உலக ஆய்வுகள் சொல்கின்றன. முன்கூட்டியே கண்டறிவதன் தேவை இங்குதான் விளங்கும்.

அப்படியானால் ஸ்கேன் கருவியையும் இரத்த அழுத்தக் கருவி போல வீடு வீடாகக் கொண்டு போகலாமே என்ற கேள்வி எழலாம். அதற்குத் தடையாக நிற்பது இப்பகுதியின் சொந்த வரலாறு. பெண் சிசுக்கொலை மிகுந்த பகுதிகளாகச் சேலமும், அன்று கிருஷ்ணகிரியை உள்ளடக்கியிருந்த தருமபுரி மாவட்டமும் அறியப்பட்டன. 1992 இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கியது. 1994 இல் கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடை செய்யும் மத்திய சட்டம் வந்தது. அதன்படி ஸ்கேன் கருவி பதிவு செய்யப்பட்ட இடத்தில் இருக்க வேண்டும், எடுத்துச் செல்லும் கருவிகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. பெண் குழந்தைகளைக் காக்க வந்த இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்துவது அறிவுடைமை ஆகாது. கல்லீரல் சோதனையைத்தான் அதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த அமைப்பு மூன்று படிகளாக இருக்க முடியும். முதல் படி வீட்டிலும் தொழிற்சாலையிலும்: மது, சர்க்கரை, உடற்பருமன், மஞ்சள் காமாலை பற்றிய கேள்விகள், ஹெபடைடிஸ் சோதனை, இரத்தத் தட்டுக் கணக்கு, வயிற்றைத் தொட்டுப் பார்த்தல். இரண்டாம் படி அரசு மருத்துவமனையில்: சாதாரண ஸ்கேன், டாப்ளர், விறைப்பு அளவி. மூன்றாம் படி மருத்துவக் கல்லூரி அளவில்: சந்தேகம் தீராதவர்களுக்கு எண்டோஸ்கோப்பி, கழுத்துவழி அளவீடு, வருங்காலத்தில் நுண்குமிழி மீயொலி. குமிழி முறைக்குச் சிறப்பு மென்பொருள் உள்ள ஸ்கேனரும் மருந்தும் ஊசி வசதியும் வேண்டும் என்பதால் அது முதல் படிக்கு இறங்க முடியாது. கழுத்தில் குழாய் ஏற்றுவதற்கு முன் நிற்கும் படியாக அது பயன்படும்.

இந்த வரலாற்றில் ஒவ்வொரு கருவியும் முந்தைய கருவி காணத் தவறியதை ஓரளவு கண்டது. கை மண்ணீரலைக் கண்டது, கத்தி அழுத்தத்தைக் கண்டது, குழாய் கத்தியை விலக்கியது, குமிழி குழாயை விலக்கப் பார்க்கிறது. அதேவேளை ஒவ்வொன்றும் யாரிடம் சோதிக்கப்பட்டதோ அவர்களின் நோயையே நன்றாகக் காட்டுகிறது. கல்கத்தாவும் சண்டிகரும் வேலூரும் காட்டிய இந்திய நோயாளியை இக்கருவி சரியாகக் காண்கிறதா என்பதை இந்திய மருத்துவமனைகளே சோதித்து உறுதிசெய்ய வேண்டும். அதுவரை, காரணம் தெரியாமல் மண்ணீரல் பெருத்தவரும் இரத்தத் தட்டுகள் தொடர்ந்து குறைந்து வருபவரும் கையில் அழுத்தம் சரியாக இருக்கிறது என்ற நிம்மதியில் இருந்துவிடாமல், கல்லீரல் மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.